முட்டைக்காரிக்கு ஒரு கிராக்கி

என் எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், பிழைகளும் இருக்கும். விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில், மார்க்கம் நகரத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் இங்கிலாந்தில் சந்தை கூடும் ஒரு சிறு ஊரில் பிறந்த வெள்ளைக்கார அம்மா. பேய் வேஷம் போடும் ஹலோவீன் நாள் வந்தால் சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் ஊர்ப் பேய்க்கதை ஒன்று சொல்வார். பிறகு நாங்கள் சொல்ல வேண்டும். அதிகம் கைதட்டல் வாங்கியவருக்கு விரும்பிய சனிக்கிழமை லீவு.

எனக்கு அந்த வருடம் ஒரு சனிக்கிழமை வேண்டியிருந்தது. மகளின் பட்டமளிப்பு. நேரே போய்க் கேட்க வாய் வரவில்லை. எப்போதும் அப்படித்தான்.

அன்று அவர் சொன்னது முட்டைக்காரியின் கதை. பனிக்காலத்தில் மிஞ்சிய முட்டைகளை விற்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று சந்தைக் கல்தூணடியில் நின்றவள், அங்கேயே விறைத்துச் செத்துப்போனாளாம். அதற்குப் பிறகு சந்தை நாட்களில், பொழுதுபட்டதும், கூடையோடு வந்து நிற்பாளாம். கண்டவர்கள் ஓடுவார்களாம்.

மற்றவர்கள் தங்கள் கதைகளைச் சொல்லி முடித்தார்கள். கடைசியாக அந்த அம்மா என்னைப் பார்த்தார். வழக்கம்போலத் தலையாட்டி மறுக்கப் போனேன்.

பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்து அண்ணை என்னைக் காட்டிச் சிரித்தார். "உவர் வாய் திறந்தால் அதுதான் பெரிய பேய்க்கதை."

எனக்குச் சொல்லக் கதை இல்லை. மனதில் முட்டைக்காரிதான் நின்றாள். எங்கள் வீடுகளில் செத்தவருக்கு எட்டாம் நாள் அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் படைப்போம். ஆசை தீராதவர் வாசலில் நிற்கக்கூடாது.

உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன், அவளிடம் ஒருவராவது முட்டை வாங்கினார்களா என்று.

அந்த அம்மா இல்லையென்று தலையாட்டினார்.

"நான் போவேன்," என்றேன். "கூடையோடு எல்லாத்தையும் வாங்குவேன். காசைக் கையிலை குடுத்து, இனி வீட்டை போங்கோ, குளிருது எண்டு சொல்லுவன்." கடைசி வரி தமிழில் வந்துவிட்டது. அண்ணைதான் அதை மொழிபெயர்த்தார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். சின்ன வயதில் அந்தத் தூணைக் கடக்கும்போதெல்லாம் ஓடியிருக்கிறாராம். வாங்கலாம் என்று தன் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றார். அவரே முதலில் கைதட்டினார். பிறகு அடுப்படியிலிருந்தவர்கள்கூட வந்து தட்டினார்கள்.

"பேய் வாய் திறந்திட்டுது," என்றார் அண்ணை, என் முதுகில் அடித்து.

எந்தச் சனிக்கிழமை என்று அந்த அம்மா கேட்டார். நிலத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

மகளின் பெயரை வாசித்தபோது அந்த மண்டபத்தில் முதலில் எழுந்து நின்று கூப்பிட்டவன் நான். பிறகு மகள் சொன்னாள், மேடையிலேயே என் குரல் தெரிந்ததாம்.

எழுதி முடித்தது, ஐப்பசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.