ஒப்துலியாவின் தராசும் பத்து ஜூஸ் பாட்டில்களும்

ஒப்துலியா ரெந்தெரியா எங்கள் தெருவுக்கு முதன்முதலாக வந்தது மார்ச் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்கு. பழுப்புக் கார், பின்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. ஒரு கையில் ஆள் ஏறி நிற்கும் தராசு, மறு கையில் அட்டையும் பேனாவும். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் பக்கத்து ஊர் வெங்காயக் கொட்டகையில் மூட்டை கட்டியவள். முதுகு போனபின், சின்னப் பிள்ளைகளின் எடை கூடாமல் பார்த்துக்கொள்ள வீடு வீடாகப் போகும் வேலையில் சேர்ந்திருந்தாள். இதெல்லாம் நான் பிறகு விசாரித்தது.

அன்று பதினோரு வீடுகளில் நான்கு கதவுகளே திறந்தன. குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களைத் தேடி எல்லைக் காவலர் வேன் சுற்றும் தெருவில், பெயர் கேட்டு எழுதுகிறவர்களுக்கு யார் கதவு திறப்பார்கள்? நானும் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு நெலிதா ஜன்னலோடு நிறுத்திக்கொண்டாள். குண்டுப் பிள்ளை என்று எழுதிவிட்டால் அரசாங்கம் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று சலவைக் கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் மகன், மூன்று வயது எவாரிஸ்தோவுக்கு நாலடி ஓடினாலே மூச்சு இரைக்கும்.

"அட, என்ன அழகான கண்ணு இந்தப் பையனுக்கு!" என்றாள் ஒப்துலியா.

"பாத்தாச்சுல்ல, கெளம்பு."

"கெளம்பிடுவேன்மா. ஆனா தொடாம போனா ராத்திரி அவனுக்குக் காய்ச்சல் வரும். அப்புறம் என்னைத் திட்டாதே."

எங்கள் பக்கத்து நம்பிக்கை அது: பிள்ளையை வியந்தவர் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும். இல்லையென்றால் கண் பட்டுவிடும். நெலிதாவுக்கு வேறு வழியில்லை. கதவைத் திறந்தாள். ஒப்துலியா பையனின் நெற்றியைத் தொட்டாள். அப்படியே தூக்கித் தராசில் நிறுத்தினாள். நாற்பத்தாறு பவுண்டு, ஆறு வயதுப் பிள்ளையின் எடை.

"பொய்த் தராசு!" நெலிதா வேலிக்கு இப்பால் இருந்த என்னைக் கூப்பிட்டாள். "டோன் செலெடோனியோ! முப்பத்தொரு வருஷம் எடை போடறதையே வேலையா செஞ்ச ஆளு நீங்க, வந்து பாருங்க. இந்தப் பொம்பள என்னை ஏமாத்தறா."

அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. பிரிக்காத இருபது பவுண்டு பீன்ஸ் பையைக் கொண்டுபோய் மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் இருபது.

"தராசு சரிதான், நெலிதா."

"உங்களுக்கும் அவ ஏதாவது குடுத்தாளா?"

ஒப்துலியா சிரித்தாள். "இவன் என்ன சாப்பிடறான்?"

"எங்க சாப்பிடறான்? ரெண்டு வாய் பீன்ஸ் வச்சாலே ஓடிடறான். வெறும் ஆப்பிள் ஜூஸ்தான். உணவுச் சீட்டுல குடுக்கறாங்களே, அது. கெடுதலா இருந்தா அரசாங்கம் குடுக்குமா?"

"சீட்டுல மாசத்துக்கு ரெண்டுதானே?"

"மிச்சத்தை நான் வாங்கறேன். அதே லேபிள், அதே பாட்டில்."

அரசாங்கத்தின் காகிதம், கார், பேனா எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எங்கள் தெரு, அந்த ஜூஸை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

வயல் வேலைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகக் கணவனுக்காக நெலிதா கழுவி வைத்த காலி பாட்டில்கள் அடுப்படியில் இருந்தன. பத்து. இரண்டே வாரத்தில் சேர்ந்தவை. ஒப்துலியா பத்திலும் குழாய்த் தண்ணீர் பிடித்தாள்; துவைக்கும் தொட்டியில் அடுக்கி, அதைத் தராசில் ஏற்றினாள். தொட்டியின் எடையை நான்தான் கழித்தேன். நாற்பத்து மூன்று பவுண்டு.

நெலிதா தராசையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு வாரத்துல... இவன் அளவுக்கா?"

"மூணு பவுண்டு கம்மி," என்றேன்.

"இதை எழுதிக்கிட்டுப் போய் யார்கிட்ட குடுப்பே?" நெலிதா பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒப்துலியா பேனாவை அவளிடமே நீட்டினாள். "நீயே எழுது. எங்க வேணும்னாலும் எழுதிக்கோ."

நெலிதா அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் எழுதினாள்: 46.

அதன்பின் மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை. முதலில் என் பீன்ஸ் பை, பிறகுதான் பையன். அந்த நிபந்தனையை நெலிதா கடைசிவரை விடவில்லை. கடையில் ஜூஸ் வாங்குவதை நிறுத்தினாள்; சீட்டில் வரும் இரண்டு பாட்டிலைக்கூடப் பூட்டிவைத்துக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றினாள். முதல் வாரம் அவன் அழுதது தெருமுனைவரை கேட்டது. பதினான்கு மாதம் கழித்தும் அலமாரிக் கதவில் எழுதிய எடை நாற்பத்தாறுதான். பையன் மட்டும் நான்கு விரல் உயர்ந்திருந்தான்.

ஒப்துலியாவின் அட்டையில் மற்ற வீடுகளின் எண்கள் இருந்தன. அவை யார் கைக்குப் போயின என்று நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் மருத்துவமனைக்கு என்றாள். இருக்கலாம். நெலிதாவின் வரியை மட்டும் நானே பார்த்தேன். காலியாக இருந்தது.