அண்ணன் ஏறிய கப்பல்

செவுளைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டி, "பாத்தியா பிள்ள, செக்கச்செவேல்னு இருக்கா? இவ நேத்து கடல்ல நீந்துனவ" என்று மீன்காரக்கா சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கர்வம் வரும். போடி ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, ஓர் ஐஸ் பெட்டி, ஓர் அரிவாள்மனை, இதுதான் அவர் கடை. போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் பகலெல்லாம் செடிக்கடியில் குனிந்து கிடந்துவிட்டு ஜீப்பில் இறங்கும் நாங்கள், சம்பள நாளென்றால் இடுப்பை நிமிர்த்தக்கூட நிற்காமல் அவரிடம்தான் ஓடுவோம். அக்காவின் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அவர் வீட்டுக்காரர் சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போய்ப் பிடித்துப் பெட்டியில் போட்டு பஸ்சில் ஏற்றிவிடுவார். இங்கே அக்கா விற்பார். அந்த வள்ளம் ஓடினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

பெட்டி வரவரச் சிறுத்துக்கொண்டே போனது. சூரை மீன் வருவது நின்றது. பிறகு சாளையும் எப்போதாவதுதான் என்றானது. "என்னக்கா, பெட்டியில பாதி ஐசுதான் இருக்கு?" என்று நாங்கள் கேலி பேசுவோம். "கடல்ல மீனில்ல பிள்ள. வெளிநாட்டுக்காரன் மச்சு வீடு கணக்கா கப்பலக் கொண்டாந்து அங்கனயே வாரிப்புடுறான். எங்க ஆளு விடிய விடிய வலையப் போட்டுட்டு வெறுங்கையோட வாராரு" என்பார். நான் அதை முழுசாக நம்பவில்லை. விலையை ஏற்றுவதற்கு யாவாரிகள் ஆயிரம் சொல்வார்கள். கடலில் மீன் இல்லை என்றால், மலையில் கல் இல்லை என்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணனுக்குக் கப்பல் வேலை கிடைத்தது. அண்ணன் போடி கடைத்தெருவில் பிரிஜ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். கொட்டக்குடி ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கே பயந்து கரையில் உட்காருகிற ஆள். குளிர்சாதன அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று ஏஜெண்டு சொன்னதைக் கேட்டு, ஏதோ சரக்குக் கப்பல் என்றுதான் நினைத்து ஏறினான். ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது மீன் பிடிக்கிற கப்பல். எந்த நாட்டுக் கப்பல் என்று கேட்டால், கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு என்பான். எங்களுக்கு என்ன, பிள்ளை நன்றாக இருந்தால் சரி. அம்மாவின் மருந்துச் செலவுக்கு யாரிடமும் கைநீட்டாமல் இருந்தது அவன் போன பிறகுதான்.

ஒருநாள் அண்ணன் போனில் வீடியோ அனுப்பியிருந்தான். வீட்டைவிடப் பெரிய வலை ஒன்று தண்ணீரிலிருந்து எழும்பி, அவிழ்ந்து, மீனைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அடேயப்பா! தோட்டத்தில் பார்க்காத ஆள் இல்லை. சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் அக்காவிடம் ஓடினேன். மீன் அருமை தெரிந்தவர் அவர்தானே, அவரிடம் காட்டாமல் எப்படி? "அக்கா, எங்கண்ணன் கப்பலப் பாருங்க, எம்புட்டு மீனு!"

அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. திரும்ப ஒருதரம் ஓடவிட்டார். "பூராம் சூரைக்குஞ்சு பிள்ள" என்றார். "ஒருதரம்கூட முட்டை போட்டிருக்காது. இது வளந்துல்லா எங்க கரைப்பக்கம் வரணும்." வீடியோவின் கடைசியில் இரண்டு பேர் சின்ன மீன்களை மண்வெட்டியால் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதை ஏன் தள்ளுகிறார்கள் என்று கேட்டார். கப்பலுக்கு வேண்டாததாம் என்றேன், அண்ணன் சொன்னபடியே. "செத்தத திரும்பப் போட்டு என்ன செய்ய? அடப்பாவிகளா... ஏ பிள்ள, இதுலயா உங்கண்ணன் இருக்கான்?"

ஏலச்செடியில் பழுத்ததை மட்டும் பறித்துவிட்டுப் பிஞ்சைக் காய்ச்சரத்திலேயே விட வேண்டும். கை தவறி நாலு பிஞ்சு கூடைக்குள் விழுந்தாலே, "அடுத்த காயெடுப்புக்கு மண்ணையா திங்கப் போறீக?" என்று கங்காணி மலையே அதிரக் கத்துவார். அங்கே கடலையே சரத்தோடு உருவிக்கொண்டிருக்கிறார்கள், கத்துவதற்கு ஓர் ஆள் இல்லை. அதைத்தான் நான் ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருந்தேன். வீட்டுக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "வலையப் போடுறது நானா? மிசின் பாக்குறது என் சோலி. நான் இறங்கி வந்துட்டா கப்பல் நின்னுருமா?" என்றான். போனை வைத்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அக்காவின் பலகை காலியாகவே கிடந்தது. ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஒரு சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கினால், அக்கா எனக்காகக் காத்து நிற்கிறார். கையில் பெட்டி இல்லை. நன்றாக நாலு வார்த்தை கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் வாங்கிக்கொள்வோம், நியாயம்தானே.

"வள்ளத்த வித்தாச்சு பிள்ள" என்றார். "உங்கண்ணன்ட்ட ஒரு வார்த்தை சொல்லேன். அந்தக் கப்பல்ல எங்க ஆளுக்கு ஒரு வேலை கெடைக்குமான்னு கேளு. வலை வேலையில அவருக்குத் தெரியாதது இல்ல."

"அக்கா! அந்தக் கப்பல்லயா?"

"வேற எங்க போகச் சொல்லுத?" என்றார் அக்கா. "மீனு பூராம் அங்கதான கெடக்கு."