வடகறி வேகம் குறைந்த வாரம்

என் அக்காவுக்கு ஆன்லைன் கேமில் பெயர் வடகறி. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தெரியாது. குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த நான்கு பையன்களுக்கு மட்டும் தெரியும். ஆனால் அந்த வடகறி ஒரு பெண், பிளஸ் டூ படிக்கிறாள், ரெட்டைச் சடையோடு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் எதிராளியைச் சுடுகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. மைக் ரிப்பேர் என்று சொல்லி, எல்லாவற்றையும் டைப் அடித்தே சமாளித்துவந்தாள். ஐந்தாவது ஆளாக அவளைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அவள் குறி தப்பாது. ஆறாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு இதைவிடப் பெரிய பதவி உலகத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

லேப்டாப் மாமாவுடையது. பெங்களூரில் வேலை கிடைத்ததும் அவர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை ‘படிக்கிறதுக்கு’ என்று அழுத்திச் சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கேமுக்கென்றே செய்த லேப்டாப் அது. அதில் படிக்கவும் முடியும் என்பதை அக்கா பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் நிரூபிப்பாள்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. திறந்தவுடன் நன்றாகத்தான் ஓடும். ஆட்டம் களைகட்டும் நேரம் பார்த்து, திரையில் ஓடுகிறவன் நடப்பான், நடக்கிறவன் நிற்பான். அக்கா சுட்ட குண்டு கிளம்புவதற்குள் அவளே செத்துப்போயிருப்பாள். ஹெட்ஃபோனில் குரோம்பேட்டை கத்தும்.

“மச்சான் வடகறி, இன்னாடா, ஊசிப் போய்ட்டியா? நின்னுகினே கீற!”

நாளுக்கு நாள் மோசமானது. கடைசியில் ஓலை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டி, அதிலும் இதே கதை என்றால் கூடுவாஞ்சேரியில் ஒருத்தன் ரெடியாக இருக்கிறான், வடகறிக்கு டாட்டா. அக்கா ‘ஓகே’ என்று மட்டும் டைப் அடித்தாள். அன்றைக்கு அவள் தட்டில் போட்ட தோசை அப்படியே காய்ந்தது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அப்பா வைரஸ் என்றார். மின்சார ரயில் நின்றால் சிக்னல், கம்ப்யூட்டர் நின்றால் வைரஸ், அவருக்கு அவ்வளவுதான். மாமா போனிலேயே ‘ஃபார்மட் பண்ணிடு’ என்றார். அம்மா மட்டும் வழக்கம்போல, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி துப்பாக்கி? அது நின்னதே நல்லது. போய் கெமிஸ்ட்ரிய எடு” என்றாள்.

அக்கா யார் பேச்சையும் கேட்கவில்லை. யாரையும் எதிர்க்கவும் இல்லை. சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் வைரஸ் தேடினாள், இல்லை. நெட்டைப் பிடுங்கிவிட்டுத் தனியாக விளையாடிப் பார்த்தாள், அப்போதும் நின்றது. ஆக, நெட்டும் இல்லை. பிறகு திரையின் மூலையில் ப்ராசஸரின் வேகமும் சூடும் தெரியும்படி வைத்துவிட்டு எனக்கு ஓர் உத்தியோகம் கொடுத்தாள். அவள் விளையாட விளையாட நான் வேக எண்களைச் சொல்ல வேண்டும், நாலு என்றால் முழு வேகம். தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பாளர் கெட்டார் போங்கள், அப்படிக் கூவினேன்.

“நாலு... நாலு... மூணு... அக்கா, சூடு ஏறுது! ரெண்டு... ஐயோ, முக்கால்!”

“அப்படிப் போடு” என்று துள்ளினாள் அக்கா. தோற்றுக்கொண்டே துள்ளிய ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன். சூடு தாங்காவிட்டால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு உடம்பு சரியில்லை என்று இல்லை, வெயில் ஓவர், அவ்வளவுதான். இன்று நானும் கம்ப்யூட்டர்தான் படிக்கிறேன். இவ்வளவு சுத்தமாக ஒரு கோளாறை மடக்கிப் பிடித்தவர்களை வகுப்பில் இன்னும் பார்க்கவில்லை.

டிஷ்யூ பேப்பரைக் கிழித்து லேப்டாப்பின் பின்பக்கத்தில் பிடித்தாள். சூடான காற்று வெளியேறும் இடம் அது. காகிதம் படபடக்க வேண்டும், அசையவே இல்லை.

“இதுக்கு மூச்சு முட்டுதுடி.”

அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரால் அடிமூடியைக் கழற்றினாள். காற்று போகும் துளைகளில் வெள்ளையாக என்னவோ காய்ந்து, ஏடு ஏடாக அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். என் மூக்கருகேயும் நீட்டினாள்.

விபூதி!

பூஜையன்று சந்தனப் பொட்டு வைத்தது நான். அது மேல்மூடியில், குங்குமத்தோடு. இது வேறு. தண்ணீரில் குழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நாள் போட்ட பூச்சு. அக்கா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னடி ஆச்சு அதுக்கு?”

“தூசிம்மா.”

நான் வாயைத் திறந்தேன். தொடையில் விழுந்த கிள்ளில் மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை, நாங்கள் தூங்குகிறோம் என்று நினைத்து அம்மா ஈரத் தலையோடு வந்தாள். மூன்று விரலில் குழைத்த விபூதி. லேப்டாப்பைப் பூப்போலத் திருப்பினாள்.

“அம்மா, அங்க வேணாம்” என்று எழுந்து உட்கார்ந்தாள் அக்கா. “மூடி மேல வைம்மா. அதுதான் நெத்தி.”

கையும் களவுமாகப் பிடிபட்ட அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “பின்னாடிதானேடி மூணு கோடு விட்டிருக்கான், பட்டை போட வாட்டமா? முன்னாடி வெச்சா நீ கத்துவ...” பிறகு மெதுவாக, “பூஜையன்னிக்குதான் மொதல்ல போட்டேன். அப்புறம் அது நிக்க ஆரம்பிச்சுதேன்னு தினமும்... நீயும் சாப்பிட மாட்டேங்குற. கண்ணு ஏதாச்சும் பட்டிருக்குமோன்னு...”

அக்கா மூடியைக் காட்டினாள். அம்மா பளிச்சென்று பட்டை போட்டாள்.

மத்தியானம் லேப்டாப் பறந்தது. நான் கூவிய எண்கள் நாலைவிட்டு இறங்கவில்லை. கடைசிச் சுற்றில் குரோம்பேட்டைப் பையன் ஒருவன் முதுகுக்குப் பின்னால் எதிரி வருவது தெரியாமல் நின்றிருந்தான். டைப் அடிக்க நேரமில்லை. அக்கா மைக்கைப் போட்டுவிட்டாள்.

“லெஃப்ட்ல வரான் பாரு, எருமை! திரும்புடா!”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், “மச்சான்... நீ அக்காவா?”

அவளைவிட மூத்தவன் அவன். “அக்கான்னே வெச்சுக்கோ. மொதல்ல திரும்பு!”

திரும்பினான், ஜெயித்தார்கள். கூடுவாஞ்சேரிக்காரன் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. வாசற்படியில் அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“ஜெயிச்சாச்சா?” என்றாள். “சரி சரி, கெமிஸ்ட்ரி எங்க?”

அம்மா உள்ளே போனதும் என் சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன். “அம்மாக்குதான் இந்த கேமே புடிக்காதே. லேப்டாப் நின்னா அவங்களுக்கு நல்லதுதானேக்கா? அப்புறம் எதுக்கு தினமும் விபூதி?”

அக்கா கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, என்றைக்கும் இல்லாத அதிசயமாக, அடுப்படியிலேயே போய் உட்கார்ந்து படித்தாள். அவ்வளவு கண்டுபிடித்தவளுக்கு இது ஒன்று மட்டும் தெரியவில்லை என்று நினைத்து, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.