தூளியில் ஒரு சுரைக்காய்

எங்கள் அப்பா லால்பாக் பூங்காவில் தோட்ட வேலை பார்த்தார். அங்கே ஒரு மார்கழியில் பொருட்காட்சி போட்டார்கள். ரோஜாவையும் முட்டைக்கோசையும் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துவிட்டது போலும். கூலிக்காரன் வீடு ஒன்றை அப்படியே கட்டிக் காட்டலாம் என்று பூங்காவை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரைக்கு யோசனை வந்தது. மண்சுவர், கூரை, அடுப்பு, உரல் எல்லாம் வந்தன. வீடென்றால் ஆள் வேண்டாமா? குடும்பத்தோடு வந்து பகலெல்லாம் இருக்கும்படி அப்பாவிடம் சொன்னார்கள். நாங்கள் குடியிருந்த வீட்டைவிட அது எவ்வளவோ மேல் என்பதால் எனக்கு ஒரே குஷி.

அம்மாவுக்கு வர மனமில்லை. ஆடி மாதம்தான் என் தம்பி, மூன்று மாதக் குழந்தை, ஜுரத்தில் போயிருந்தான். அதிலிருந்து அவள் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. துரை பேச்சைத் தட்ட முடியாது என்று அப்பா கெஞ்சி அழைத்துவந்தார்.

குமாஸ்தா ஒருவர், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அந்த வீட்டின் விட்டத்தில் தூளியும் கட்டிவைத்திருந்தார். ஜனங்கள் வரும்போது அதை ஆட்டச் சொன்னார்.

"வெறும் தூளிய ஆட்டக் கூடாதுங்க," என்றாள் அம்மா.

அவர் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய், காட்சிக்கு வைத்திருந்த சுரைக்காய் ஒன்றை எடுத்துவந்து தூளிக்குள் கிடத்தினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா அதன்மேல் ஒரு பழந்துணியைப் போர்த்திவிட்டு ஆட்டத் தொடங்கினாள்.

முதலில் ஆட்கள் வந்தால்தான் ஆட்டினாள். பிறகு யாரும் இல்லாதபோதும் ஆட்டினாள். ஈயை ஓட்டினாள். நான் உலக்கையை எடுத்தால் சத்தம் போடாதே என்று கண்ணைக் காட்டினாள். ஜனங்கள் உள்ளே வராமல் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் நின்ற துரைசானி ஒருத்தி, குழந்தைக்கு என்ன வயது என்று குமாஸ்தாவை விட்டுக் கேட்டாள்.

"எட்டு மாசம்மா. இப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கான்," என்றாள் அம்மா.

தம்பி இருந்திருந்தால் அவனுக்கு அந்த வயதுதான். அன்றைக்கு எனக்கு, அம்மா மறுபடி பேசுகிறாளே என்ற சந்தோஷம்தான் இருந்தது.

பொருட்காட்சி முடிந்த அன்று, வீட்டைப் பிரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். தூளியை அவிழ்க்கப் போன அப்பாவின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"இருங்க, இப்பத்தான் தூங்கினான்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். இவ்வளவு நல்ல வீட்டை இடிக்கிறார்களே என்று அழுகிறார் என நினைத்தேன். மறுநாள் தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, நாடகக் கம்பெனியில்கூட எங்கள் அம்மா மாதிரி யாராலும் நடிக்க முடியாது என்று பெருமையாகச் சொன்னேன்.