உருக்கம் என்ற பொத்தான்

எண்ணெய்க் கம்பெனிக்காரனிடம் கமிஷன் வாங்கினாளாம், கமிஷன்! வாங்கினவள் எதற்காகத் துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைச் செருகிக்கொண்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற விளம்பரம் படித்தாள்? அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. எண்ணெய் விற்றது அவள், தையற்காரம்மாவின் முழங்கால் வெந்தது அவளால், கடைசியில் திமிரெடுத்துப் புருஷனை விட்டுப் போனதும் அவள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாதுதான். அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்கிவிட முடியுமா?

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது பள்ளிக்கூடம். காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திச் செய்தி படிக்கச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் பாதியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கும். இவள் படித்தால் கடைசி வரிசையில் கிள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை எடுத்துவிட்டுக் கேட்பார்கள். கல்யாணமாகி வந்த இடத்துக்கும் அந்தப் பெயர் பின்னாலேயே வந்துவிட்டது. பெரியவர்களுக்கு ரேடியோ, சின்னவர்களுக்கு ரேடியோக்கா. பெரிய அழகி என்று சொல்ல முடியாது, ஆனால் வாயைத் திறந்தால் காய்கறிக்காரர் தராசைப் பிடித்தபடி நின்றுவிடுவார்.

புருஷன் லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர். முதுகு போனபிறகு தம்பியின் கடையிலேயே போட்டோ வெட்டி, ஒட்டி, பிரேம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தம்பி, அதாவது ரேடியோவின் கொழுந்தன், விளம்பர வீடியோ செய்கிறவன். கடை முன்னால், இவர்களுக்கு விட்டிருந்த இரண்டு அறை பின்னால். வெளியே போக வேண்டுமென்றால் கடைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். வேறு வாசல் கிடையாது.

வீடியோ என்றால் சினிமா மாதிரி எல்லாம் இல்லை. நாற்காலிக் கடைக்காரர் நாலைந்து போட்டோ கொண்டு வருவார். கடையின் முகப்பு, அப்புறம் நாற்காலி, அப்புறம் நாற்காலியில் சிரித்துக்கொண்டு கடைக்காரர், கடைசியில் விலாசமும் போன் நம்பரும். ஒன்று போய் ஒன்று வரும்படி அடுக்கி, அடியில் கொஞ்சம் பாட்டுச் சத்தம் விட்டு, மேலே ஒரு குரல் படிக்க வேண்டும். அந்தக் குரல் ரேடியோவுடையது. பின்னறையில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, வெளிச்சத்தம் வராமல் ஒரு ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டு, மேல்மாடித் தண்ணீர் மோட்டார் நிற்கும்வரை காத்திருந்து, ஒரு படத்துக்கு ஒரு மூச்சு என்று படிப்பாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கண்ணால் பார்க்காத பொருளுக்கு 'நம்பி வாங்குங்கள்' என்று படிக்கமாட்டாள். மெத்தைக் கடைக்காரர் 'பஞ்சு போன்ற மெத்தை' என்று எழுதிக் கொடுத்தபோது, செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் கடைக்கே போய் மெத்தையில் ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பஞ்சா இது? பலகைக்குத் துணி சுத்தின மாதிரி இருக்கு. கெட்டியான மெத்தைன்னு வேணா படிக்கிறேன்" என்றாள்.

"அண்ணி, கஸ்டமரை விரட்டுறதுக்குன்னே ஒரு ஆளை வீட்டுல வெச்சிருக்கேன் போல" என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

கெட்டியான மெத்தை என்றே படித்தாள். முதுகுவலிக்காரர்கள் எல்லாம் அந்தக் கடையைத் தேடிப் போனார்கள். முதலில் முறைத்த கடைக்காரரே பிறகு, "அந்தம்மா வந்து படுத்துப் பார்த்த மெத்தை" என்று சொல்லி விற்றார். ரேடியோ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பேச்சு அப்படித்தான் தெருவில் வேர்விட்டது. வேறு சொத்து என்று அவளுக்கு எதுவும் கிடையாது. அது ஒன்றுதான்.

பிறகு அவளுக்கு அடிக்கடி தொண்டை கட்ட ஆரம்பித்தது. கொழுந்தன் ஒரு யோசனையோடு வந்தான்.

"கம்ப்யூட்டருக்கு உங்க குரலைப் பழக்கிடலாம் அண்ணி. நான் எழுதிக் கொடுத்தா அதுவே படிக்கும். உங்களுக்கு முடியாத நாள்ல கைகொடுக்கும்."

"அது படிக்கிறதை எனக்குப் போட்டுக் காட்டாம வெளியில விடக்கூடாது. சரியா தம்பி?"

"நீங்க சொல்லாம விடுவேனா?"

நம்பினாள். கூடப் பிறந்த பிள்ளை போல் இருந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஏதேதோ வாக்கியங்கள், தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல். மழை வரும் என்கிறார்கள், கதவைத் திறந்து வையுங்கள், இந்த வண்டி எங்கே போகிறது. பைத்தியக்காரி மாதிரி நாள் கணக்கில் படித்தாள். பாதி முடியவில்லை, அதற்குள் அவளைப் பெற்றவள் போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்து வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. "மீதியை முடிச்சிடுங்க அண்ணி, மனசுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றான் கொழுந்தன். படித்தாள். 'கதவைத் திறந்து வையுங்கள்' என்ற இடத்தில் தொண்டை இடறியது. 'இந்த வண்டி எங்கே போகிறது' என்பதை முடிக்க முடியாமல் அழுதாள். "பரவாயில்ல, இதையெல்லாம் அப்புறம் தூக்கிடுறேன்" என்றான்.

தூக்கவில்லை. அழுகைக்கு அவன் தனியாக ஒரு பெயர் வைத்தான். கம்ப்யூட்டரில் அவள் குரலுக்குக் கீழே மூன்று பொத்தான்கள் இருந்தன. சாதாரணம், உற்சாகம், உருக்கம். வருகிறவர்கள் எல்லாரும் மூன்றாவதைத்தான் கேட்டார்கள். ஜவுளிக்கும் உருக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் உருக்கம். இது எதுவும் ரேடியோவுக்குத் தெரியாது. தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது என்று வெந்நீரைக் குடித்துக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் தையற்காரம்மா முழங்காலில் கட்டோடு நொண்டி நொண்டி வந்து நின்றாள். இருவரும் ஒரு தட்டில் சாப்பிட்ட பழக்கம்.

"ஏண்டி ரேடியோ, நான் உனக்கு என்னடி துரோகம் செஞ்சேன்?"

"என்னக்கா ஆச்சு? காலைக் காட்டுங்க."

"காலை அப்புறம் பாரு. முதல்ல இதைக் கேளு." போனை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஏதோ மூட்டுவலி எண்ணெய். முதலில் பாட்டில் படம், பிறகு யாரோ ஒரு கிழவியின் கால் படம். மேலே ரேடியோவின் குரல். 'என் அம்மாவும் இந்த வலியில்தான் துடித்தார்கள். இந்த எண்ணெய் அன்றைக்கே கிடைத்திருந்தால்...' அந்த இடத்தில் குரல் இடறியது. அதே இடறல். பெட்டியைப் பிரிக்காத நாளில், ரஜாய்க்குப் பின்னால், அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த இடறல். பிறகு அது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'நம்பி வாங்குங்கள்' என்றது.

ரேடியோ போனைத் தள்ளிவிட்டுத் தையற்காரம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, சத்தியமா இதை நான் படிக்கலக்கா. மிஷின் படிச்சது."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? நீ அழுதா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? உங்கம்மா போனப்ப என் மடியில படுத்துத்தானேடி அழுதே? பெத்தவளையே சாட்சிக்கு இழுத்துட்டாளே, பொய்யா சொல்லுவான்னு நம்பித் தடவுனேன். தோல் வெந்து கொப்பளம் கொப்பளமா வந்துடுச்சு. மிஷினாம் மிஷின்!"

படியிறங்கும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருமுழுக்கத் தெரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ரேடியோ நேராகக் கடைக்குப் போனாள்.

"நீங்க ஏன் பதறுறீங்க அண்ணி? அது நீங்க இல்ல. மிஷின்."

"அப்படியா? அப்ப செத்தது மிஷினோட அம்மாவா?"

பிரேமுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த புருஷனின் கை நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"எனக்குக் காட்டாம விடமாட்டேன்னு சொன்னியே தம்பி. என் குரலை அதுலேருந்து அழிச்சிடு."

"ஓடிக்கிட்டிருக்கிற வேலையெல்லாம் என்ன ஆகுறது? பேசுற குரல் நிஜமான்னு எல்லாம் யாரும் பார்க்கிறதில்ல அண்ணி. காதுக்கு நல்லா இருந்தாப் போதும்."

"தையற்காரம்மா பார்த்துச்சே."

கடைசியில் அவன் இறங்கி வந்தான். எண்ணெய் வீடியோவில் பேசியது நான் இல்லை என்று அவளே தன் வாயால் ஒரு வீடியோவில் சொல்வது, அதைத் தெருவிலுள்ள எல்லாருக்கும் அனுப்புவது. அவளும் தலையாட்டினாள். என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு, பாழாய்ப்போன ஜலதோஷம் விடட்டும் என்று காத்திருந்தாள்.

ஜலதோஷம் விடுவதற்குள் கொழுந்தன் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"உங்களுக்கு ஏன் சிரமம்னு நானே முடிச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டேன் அண்ணி. கேட்டுப் பாருங்க, எவ்வளவு நல்லா வந்திருக்கு!"

அவளுடைய பழைய போட்டோ ஒன்று. அப்புறம் பூ. அப்புறம் கும்பிட்ட கை. மேலே அதே குரல், அதே உருக்கம். 'அன்பானவர்களே, அந்த வீடியோவில் பேசியது நான் இல்லை. அது கணினிக் குரல். என்னை நம்புங்கள்.' நம்புங்கள் என்ற இடத்தில் அழகாக இடறியது.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இது ஓணானுக்கு ஓணானே சாட்சி. அவன் கெட்ட எண்ணத்தில் செய்தானா என்றால் அதுவும் இல்லை. அதுதான் கொடுமை. அவள் சொல்வதற்கும் மிஷின் சொல்வதற்கும் அவனுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

எண்ணெய் வீடியோவில் அழுத அதே குரல்தான் இது என்று தெருவுக்கு நன்றாகத் தெரிந்தது. "எப்படி ஏங்கி ஏங்கிப் பொய் சொல்றா பாரு, என்னமா நடிக்கிறா" என்றார்கள். காய்கறிக்காரர் அவள் காசைக் கொடுத்தபோது, "இதாவது நிஜமா, மிஷினா?" என்று கேட்டுச் சிரித்தார். தையற்காரம்மா கதவே திறக்கவில்லை.

அன்றைக்குப் புருஷன் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை கேளுங்க. அண்ணன் சொன்னா அழிப்பான்."

"இருக்கிறது அவன் வீடு. தின்னுறது அவன் சோறு. நான் என்னன்னு கேட்கிறது?"

"என் குரலுங்க அது."

"குரல்தானே? அதை அவன் எடுத்தா உனக்கு இல்லாமலா போச்சு? இதோ இப்பக்கூடப் பேசிக்கிட்டுத்தானே இருக்கே. தேஞ்சா போச்சு?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் நல்லவர். கை நீட்டாதவர், அதட்டாதவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து அது வந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. கூடவே நடந்து வந்த ஆளை வழியில் எங்கேயோ தவறவிட்டுவிட்டு இத்தனை நாள் தெரியாமல் நடந்திருக்கிறோம் என்று தோன்றியது.

காலையில் நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். தங்கை வீட்டுக்குப் போவதாக முடிவு. வெளியே போக அந்தக் கடைதான் வழி. உள்ளே ஒரு புது கஸ்டமர், குளியல் சோப்புக்காரர், கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாதிரிக்குக் குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான் அவன். 'வணக்கம். உங்கள் குடும்பத்தின் மீது அக்கறை உள்ளவள் பேசுகிறேன்' என்றது கம்ப்யூட்டர்.

"அடடா, சொந்த அக்கா பேசுற மாதிரி இருக்குங்க. இதையே போட்டுடுங்க" என்றார் சோப்புக்காரர்.

கொழுந்தன் பையைப் பார்த்தான். "என்ன அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க? சண்டையா அண்ணனோட?"

புருஷன் பின்னாலேயே ஓடிவந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, "எங்க போறேன்னு ஒரு வார்த்தையாவது சொல்லிட்டுப் போயேம்மா" என்றார்.

சொல்ல நிறைய இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் மேசைமேல் மைக் இருந்தது, கம்ப்யூட்டர் திறந்திருந்தது, சுவரெல்லாம் அவள் இதுவரை கொடுத்ததைக் கேட்டு வாங்கிக்கொண்ட சுவர். இங்கே இனி ஒரு சொல்கூடக் கிடையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்போது அழுதால் அதற்கும் இவன் ஒரு பொத்தான் வைப்பான்.

செருப்பை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, வெயிலில் இறங்கி நடந்தாள். சோப்புக்காரருக்காக அவள் குரல் உள்ளே இரண்டாம் தடவை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.