முகவுரைக்கு இட்ட சந்தனம்

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இன்றைக்குப் பினாங்கில் என் சொந்த அச்சகத்தில் இரண்டு மிஷின் ஓடுகிறது. ஒன்றுகூட யார் தயவிலும் வந்ததல்ல. நீங்கள் காகிதத்தில் நேராக வாசிப்பதைவிட வேகமாக, ஈய எழுத்தை நான் தலைகீழாக வாசிப்பேன். ஆனாலும் அந்தச் சங்கத்துக் காரியதரிசியை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு எரிகிறது.

தமிழ்ப் புத்தகம் இந்த ஊரிலேயே அச்சாக வேண்டும் என்று சிலர் கூடித் தொடங்கிய சங்கம் அது. டத்தோ கிராமாட்டில் ஒரு கடையின் பின்கட்டில் காலால் மிதிக்கும் மிஷின் ஒன்று, எழுத்துப் பெட்டிகள், அச்சுக்கோக்க நான், மிஷின் மிதிக்க என்னைவிடக் கொஞ்சம் இளைய ஒரு கத்தோலிக்கர். அவ்வளவுதான் அச்சகம். முதல் புத்தகம் விஜயதசமி மாலைக் கூட்டத்தில் மேசைக்கு வராவிட்டால் மிஷினை விற்றுவிட்டு, இனி எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பி அச்சடிப்பது என்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. போடவைத்தவர் காரியதரிசி. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் பெரிய கிளார்க்கு.

தாமதம் யாரால்? அவரால். முகவுரை எழுத ஒரு மாதம், திருத்த நாலு புரூப். அதன் கடைசி வரி இது: ‘கல்வியறிவில்லாத தொழிலாளர் கையால் நேர்ந்த பிழைகளை அன்பர்கள் பொறுத்தருள்க.’ அந்தத் தொழிலாளர் நான்தான். என் கையாலேயே அதைக் கோத்தேன். ஓர் எழுத்தை மாற்றவில்லை. தொழில் என்றால் தொழில்.

சரஸ்வதி பூசைக்குள் மற்ற பக்கமெல்லாம் அச்சாகிவிட்டன. முகவுரை சேர்ந்த நாலு பக்கம் மட்டும் பாக்கி; கோத்த எழுத்தை இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கி, மறுநாள் காலையில் மிஷினில் ஏற்றத் தயாராக இருந்தது. மிஷினுக்குப் பொட்டு வைத்தோம். காரியதரிசியோ சந்தனக் கிண்ணத்தோடு நேரே அந்தச் சட்டத்திடம் போனார்.

“ஐயா, வேணாம். எழுத்துக்குள்ள எறங்கிடும்.”

“நீர் சும்மா இரும் காணும். சரஸ்வதி இருக்கிறது எழுத்திலையோ, இரும்பிலையோ? உமக்கு இதுகள் விளங்காது.”

அள்ளி அள்ளிப் பூசினார். தம் முகவுரைக்கு மட்டும் இரண்டு கை கூடுதல். பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. தொட்டால் நான் பாவி. ஜெலுத்தோங்கில் என் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தேன்.

காலையில் ஒரு தாள் அடித்துப் பார்த்தோம். எழுத்தின் குழிகளில் சந்தனம் காய்ந்து அடைத்து, பக்கம் முழுக்கக் கறுப்புப் பொட்டு.

“நாங்களும் கோயில்ல மெழுகுவத்தி கொளுத்துறோம் அண்ணே,” என்றார் மிஷின்காரர். “பைபிள் மேல ஊத்துறதில்ல லா.”

அந்நேரம் பார்த்துக் காரியதரிசி உள்ளே வந்து தாளைப் பிடுங்கினார்.

“பார்த்தீரோ? இங்கத்தைய வேலை இப்பிடித்தான் எண்டு நான் அப்பவே சொன்னனான். பின்னேரம் கமிட்டியிலை சொல்லிப்போடுறன்.”

பூசினது யார்? பழி யாருக்கு?

“சாயங்காலம் மேசையில புத்தகம் இருக்கும். இப்ப வெளிய போங்க ஐயா,” என்றேன். கிளார்க்கிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பக்கத்துக் காப்பிக் கடையில் வெந்நீர் வாங்கினோம். ஊசி பட்டால் ஈயம் கீறிப்போகும் என்று தென்னை ஈர்க்கைச் சீவி, எழுத்து எழுத்தாகக் குத்தி எடுத்தேன். நாலு பக்கம்! வேறு எவனாவது செய்து காட்டட்டும், பார்க்கிறேன்.

“ஒரு வரி அப்பிடியே கெடக்கே அண்ணே?”

“தெரியும். அடி.”

மாலையில் தைத்த புத்தகங்கள் மேசையில் இருந்தன. காரியதரிசி எழுந்து, தொண்டையைச் செருமி, தம் முகவுரையைத் தாமே வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். அங்கே ஒரு கறுப்புப் பட்டை மட்டும்.

“இதென்ன காணும்?”

“நீங்க பூசின சந்தனம் ஐயா. சாமிக்கு வச்சத நான் எப்பிடி எடுக்கிறது?”

சபை சிரித்தது. மிஷினை விற்கிற பேச்சை அதற்குப் பிறகு எவரும் எடுக்கவில்லை. நாலு புரூப் திருத்தியவருக்கு அந்த வரி மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அத்தனை பேர் நடுவில், என் முகத்தைப் பார்த்து அதை வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.