விறகுக் கட்டில் மண்

இதை எழுதி ஆசிரியர் அறைப் பலகையில் குத்தி வைக்கிறேன். இன்று காலை நடந்தது.

இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெந்நீர்க் குளியல் என்று போன வாரம் முடிவு செய்தேன். மலை மொட்டையாகிக்கொண்டே வருகிறது, ஏதோ என்னால் முடிந்த உதவி.

விறகு கொண்டுவரும் செல்லம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்: "இனிமே வாரத்துக்கு ஒரு கட்டு போதும்."

"சரிங்க டீச்சர். மிச்சத்த லாட்ஜுல வாங்கிக்கிருவாங்க. சீசன் வந்துருச்சுல்ல."

என் தியாகத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

அவர் இறக்கிய கட்டைப் பார்த்தேன். நேரான குச்சி ஒன்றுகூட இல்லை. எல்லாம் முண்டும் முடிச்சுமாக, ஈர மண் ஒட்டிக் கிடந்தன.

"என்ன இது, வேரா?"

"தூரு டீச்சர், வெட்டுன மரத்தோட அடிக்கட்ட. மரம் ஏது? நாங்க சிலோன்ல இருந்து வந்தப்ப பெருமாள்மலை ரோட்டோரமே வெறகு கெடந்துச்சு. இப்ப வெள்ளனே போனாலும் தூரத்தான் தோண்டிட்டு வர்றோம்."

"அதுவும் தீந்துட்டா?"

அவர் சும்மாட்டை உதறினார். "அப்புறம் நாம எங்கயும் போக வேணாம். மண்ணு தானா எறங்கி வரும்."

எந்தச் சரிவில் தோண்டினார்கள் என்று கேட்டேன். ஜன்னல் வழியே கையைக் காட்டினார். நம் குவார்ட்டர்ஸுக்கு நேர் மேலே.

நாளையிலிருந்து எனக்குத் தினமும் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீரை விடமாட்டேன் என்பவர்கள் கீழே காரணம் எழுதலாம். பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் எழுதிவிடுங்கள்.